டோர் பேடைக் கழற்றி பவர் விண்டோ மோட்டாரை எட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஸ்விட்சை அழுத்துகிறீர்கள், கண்ணாடி அசையவில்லை. மழை மேகம் கூடியிருக்கும் மாலையில், கண்ணாடி கீழே இறங்கிய நிலையில் இப்படி நின்றுவிட்டால் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கோளாறு மோட்டாரிலா, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரிலா, வயரிலா என்று தெரிய வேண்டுமானால் கதவின் உள்பக்கம் மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைதான். முதல்முறை என்றால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவசரப்படாமல் செய்யலாம். புதிதாகச் செய்பவர்கள் இரண்டு இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மறைந்திருக்கும் ஒரு ஸ்குரூவைக் கழற்றாமலேயே பேடைப் பிடித்து இழுப்பார்கள், பேட் உடையும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை ‘இது எதற்கு’ என்று கிழித்துப் போடுவார்கள், அடுத்த மழையில் காருக்குள் தண்ணீர் வரும். மோட்டார் மாற்றுவதைவிட இந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10, ஐ20 மாதிரி நம் ஊரில் அதிகம் ஓடும் ஹேட்ச்பேக்குகளின் முன் கதவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஸ்குரூ இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் வண்டியின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வேலையின் வரிசை எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கழற்றத்தான் வேண்டுமா?

முதலில் டிரைவர் பக்கத்து விண்டோ லாக் பட்டனைப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது அழுந்தியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அழுந்தியிருந்தால் மற்றக் கதவுகளில் உள்ள ஸ்விட்சுகள் வேலை செய்யாது. அடுத்தது ஃபியூஸ். பவர் விண்டோவுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். எது என்று ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ போட்டிருக்கும். எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் ஃபியூஸ், ரிலே பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும் நின்றால் அந்தக் கதவைச் சந்தேகப்படலாம்.

இடது முன் கண்ணாடிக்கு இரண்டு ஸ்விட்ச் உண்டு, அந்தக் கதவில் ஒன்று, டிரைவர் பக்கம் ஒன்று. ஒன்றில் ஓடி இன்னொன்றில் ஓடாவிட்டால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்விட்ச் பக்கம்தான் கோளாறு. ஸ்விட்சை மட்டும் கழற்ற பல வண்டிகளில் டோர் பேடைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் காதைக் கொடுங்கள். இக்னிஷனை ஆன் செய்து, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, பேடோடு காதை ஒட்டி வைத்து ஸ்விட்சை அழுத்துங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் அசையாமல் இருந்தால் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். ‘டிக்’ என்று ஒரு சின்ன சத்தத்தோடு நின்றுவிட்டால் மின்சாரம் போகிறது, ஆனால் மோட்டாரோ கண்ணாடியோ எங்கோ இறுகியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மோட்டார், ஸ்விட்ச், வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஒருவரை ஸ்விட்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மோட்டார் இருக்கும் இடத்துக்கு நேராகப் பேடின் மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். தட்டியதும் கண்ணாடி ஓடினால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய்ச் சரியாகத் தொடவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, புது மோட்டார் வரும்வரை அந்த ஸ்விட்சைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கண்ணாடியை நிறுத்தாமல் ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு நின்றுபோயிருந்தால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மோட்டார் சூடானால் தானாக நிறுத்தும் பாதுகாப்பு பல மோட்டார்களில் உள்ளேயே இருக்கிறது, ஆறியதும் மறுபடி ஓடும்.

இன்னொரு இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. கதவை முழுக்கத் திறந்தால் கதவுக்கும் பாடிக்கும் நடுவே சுருக்கம் சுருக்கமாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை வளைகின்றன. பழைய வண்டிகளில் வயர் அங்கேதான் முறியும், அதுவும் மேலே இருக்கும் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். ஸ்விட்சை அழுத்திக்கொண்டே கதவை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கண்ணாடி விட்டு விட்டு ஓடினால் மோட்டாருக்குச் செலவழிக்க வேண்டாம்.

கண்ணாடி ஓடுகிறது, ஆனால் முக்கி முனகி ஏறுகிறது என்றால் கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங் காய்ந்துபோயிருக்கலாம். சிலிக்கான் ஸ்ப்ரேயை அந்தப் பள்ளத்தில் அடித்து நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ போடாதீர்கள். தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் இறுகும்.

என்னென்ன வேண்டும்

பெரிய பட்டியல் இல்லை. ஸ்டார் ஸ்குரூ டிரைவர் (முனை பிளஸ் குறி மாதிரி இருப்பது), மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவர், 8 மற்றும் 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் கொஞ்சம் நீளமான ராடோடு, கட்டிங் பிளேயர், மின்சாரம் வருகிறதா என்று அளக்க மல்டிமீட்டர், டார்ச். ஹூண்டாய், ஃபோக்ஸ்வேகன் போன்ற வண்டிகளில் ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் ஸ்குரூவும் வரலாம், டி20, டி25, டி30 பிட் கைவசம் இருந்தால் நல்லது. டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் செட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது ஒன்றை வாங்குவது நியாயமான செலவு. இல்லையென்றால் தட்டை ஸ்குரூ டிரைவரின் முனையில் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பெயின்டருக்குக் கொடுக்கும் மாஸ்கிங் டேப் அல்லது அகலமான நல்ல டேப் ஒன்று கட்டாயம் வேண்டும், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதவின் உள்தகட்டு விளிம்புகள் பிளேடு மாதிரி இருக்கும், கையை உள்ளே விட்டு எடுக்கும்போது புறங்கையைக் கிழித்துவிடும்.

பேடைக் கதவுத் தகட்டோடு பிடித்து வைப்பவை பிளாஸ்டிக் டோர் கிளிப்புகள்; உங்கள் வண்டிக்கானவற்றைப் பத்துப் பன்னிரண்டு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் விலை சில ரூபாய்தான். சென்னையில் இருந்தால் வாகன உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் வெயில் குடித்த கிளிப்பில் ஒன்றிரண்டு உடைவது சகஜம், அதற்காக மனம் உடைய வேண்டாம்.

நிழலில், கதவு முழுக்கத் திறக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். மழைக்கு ஒதுக்கிடம் இருப்பது நல்லது, ஏனென்றால் உதிரி பாகம் வாங்க வெளியே போக நேரலாம், அதுவரை கதவு திறந்து கிடக்கும்.

பாட்டரியும் ஏர்பேக்கும்

பாட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு மூன்று நிமிடமாவது காத்திருங்கள். சில கார்களில் கதவுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக்கோ, மோதலை உணரும் சென்சாரோ இருக்கும். பாட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும், காத்திருப்பது அதற்காகத்தான். மஞ்சள் நிற வயரோ மஞ்சள் கப்ளரோ (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றவும் வேண்டாம், மல்டிமீட்டர் வைக்கவும் வேண்டாம்.

டெர்மினலைக் கழற்றினால் சில ஸ்டீரியோக்கள் மறுபடி ரகசிய எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்களிடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஓடுகிற நிலையில் இருந்தால் பாட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே அதை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஸ்குரூக்களைத் தேடுவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்குரூ கூடப் பாக்கி இல்லை என்று உறுதியாகும்வரை பேடை இழுக்கக் கூடாது. கிளிப்புகள் எல்லாம் விட்ட பிறகும் பேட் ஓரிடத்தில் மட்டும் வர மறுத்தால், அங்கே ஒரு ஸ்குரூ இருக்கிறது. கைப்பலத்தால் அதை ஜெயிக்க முடியாது, பிளாஸ்டிக்தான் கிழியும்.

உள் கைப்பிடியில் ஆரம்பியுங்கள். கதவைத் திறக்க இழுக்கும் அந்தக் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி அதன் பின்னால் உள்ள குழிவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக ஒரு ஸ்குரூ தெரியும், அல்லது விரல் நகம் அளவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். மூடி அதே நிறத்தில், இடைவெளியே தெரியாமல் பொருந்தியிருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரு ஓரத்தில் மட்டும் நூல் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். மெல்லிய ஸ்குரூ டிரைவரை அந்த வெட்டில் வைத்து நெம்பினால் மூடி கழன்று வரும், பின்னால் ஸ்குரூ இருக்கும். வேறு பக்கம் நெம்பினால் மூடி கீறிப்போகும்.

அடுத்தது கதவை இழுத்து மூடப் பிடிக்கும் பிடியின் குழி. அதன் அடியில் ஒன்றோ இரண்டோ நீளமான ஸ்குரூ இருக்கும். கதவை மூடும் விசை முழுவதையும் இவைதான் தாங்குகின்றன, அதனால் நேராகத் தகட்டில் இறங்கியிருக்கும். சில வண்டிகளில் குழியின் அடியில் ரப்பர் மேட் போட்டு மறைத்திருப்பார்கள், மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் ஸ்விட்ச் பேனலை எடுத்தால்தான் தெரியும். ஸ்விட்ச் பேனலை அதன் பின்முனையில் அல்லது முன்முனையில், எந்தப் பக்கம் கொஞ்சம் இடைவெளி இருக்கிறதோ அங்கே நெம்பித் தூக்கி, அடியில் இருக்கும் கப்ளரைக் கழற்றுங்கள்.

மூன்றாவது இடம் வெளிப்பக்கச் சைடு மிரருக்கு நேராக உள்ளே இருக்கும் முக்கோண மூடி. பெரும்பாலும் அது கிளிப்பில்தான் நிற்கும், கையால் இழுத்தாலே வரும். ட்வீட்டர் ஸ்பீக்கர் அதிலேயே இருந்தால் வயர் தொடர்ந்து வரும், பார்த்து இழுங்கள். மூடியை எடுத்ததும் பேடின் மேல் மூலையைப் பிடித்திருக்கும் ஸ்குரூவோ கிளிப்போ அங்கே தெரியலாம்.

அப்புறம் பேடின் ஓரங்களை முழுக்க விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கதவைத் திறந்தால் தெரியும் பக்கவாட்டு விளிம்பில், பூட்டு இருக்கும் பக்கம், சில வண்டிகளில் தலை பெரிய பிளாஸ்டிக் ஸ்குரூ ஒன்று இருக்கும். பாட்டில் வைக்கும் பையின் உள்பக்கச் சுவரிலும், அடி ஓரத்திலும் இருக்கலாம். ஸ்பீக்கர் கிரில்லுக்குப் பின்னாலும் இருந்தது உண்டு. ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்ன வட்ட மூடியின் பின்னால் ஸ்குரூ ஒளிந்திருக்கும் மாடல்களும் உண்டு. கதவில் நேரான மேற்பரப்பை வெட்டிக்கொண்டு ஒரு சின்ன வட்டமோ சதுரமோ தெரிந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

பின் கதவில் கையால் சுற்றும் கைப்பிடி இருந்தால், அதற்கும் பேடுக்கும் நடுவில் குதிரை லாட வடிவத்தில் ஒரு கம்பி ஸ்பிரிங் இருக்கும். ஒரு பழைய காட்டன் துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் செருகி, இரண்டு முனையையும் பிடித்து இடவலமாகத் தேயுங்கள். துணி அந்த ஸ்பிரிங்கைப் பிடித்துத் தள்ளிவிடும். எங்கோ பறந்து போகும், அதனால் எதிர்ப்பக்கம் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் ஸ்குரூக்களை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று எழுதி ஒட்டி வையுங்கள். நீளம் மாறும். நீளமான ஸ்குரூவைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் முன்னால் இருக்கும் பொருளைத் துளைத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது இதைவிடச் சுலபம்.

கிளிப்புகளை விடுவிப்பது

இப்போதுதான் விசை தேவைப்படும். பேடின் கீழ் மூலையில் ஆரம்பியுங்கள், பூட்டு இருக்கும் பக்கத்துக் கீழ் மூலை வசதி. கதவின் தகட்டுக்கும் பேடுக்கும் நடுவில் நெம்புகோலை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பேட் வளையுமே தவிர கிளிப் விடாது. முதல் கிளிப் ‘டப்’ என்று சத்தத்தோடு விடும். அந்தச் சத்தத்தில் பயந்து நிறுத்திவிடுவார்கள், ஏதோ உடைந்துவிட்டது என்று. அது இயல்பான சத்தம்தான்.

ஒன்று விட்டதும் கையை உள்ளே கொடுத்துவிடலாம். அடுத்த கிளிப்புக்கு மிக அருகில் கையை வைத்து, நேராக உங்கள் பக்கம் ஒரு வெட்டு இழுப்பு. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் கிளிப் வளைந்து பேடில் இருக்கும் அதன் கூட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் கூடு உடைந்தால் புதுக் கிளிப் போட்டாலும் நிற்காது. அடி ஓரம், இரண்டு பக்கவாட்டு ஓரங்கள் என்று வரிசையாக முடியுங்கள்.

எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகும் பேட் கையோடு வராது, கதவின் மேல் விளிம்பில் கண்ணாடியை ஒட்டிய இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே கிளிப் இல்லை, பேடின் மேல் உதடு தகட்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. பேடை இரண்டு கையால் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். இரண்டு மூன்று அங்குலம் தூக்கினால் விடும். லாக் குமிழ் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடலாக இருந்தால் குமிழ் அதன் ஓட்டை வழியாக வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

விட்டதும் உற்சாகத்தில் பேடைத் தூர இழுத்துவிடாதீர்கள். பின்னால் வயர்களும் கைப்பிடிக் கேபிளும் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பேடை முட்டியால் தாங்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்த்துப் பின்னால் எட்டிப் பாருங்கள், உதவிக்கு ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கப்ளரிலும் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை நகத்தால் அழுத்திக்கொண்டு கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. வராவிட்டால் கப்ளரை முதலில் கொஞ்சம் உள்பக்கம் தள்ளி, நாக்கை அழுத்தி, பிறகு இழுங்கள். இறுக்கம் விட்டு நாக்கு இறங்கும்.

கைப்பிடிக் கேபிளில் வெளி உறையின் முனை ஒரு பிளாஸ்டிக் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், உள் கம்பியின் முனை கைப்பிடியின் கொக்கியில் மாட்டியிருக்கும். உறையை முதலில் பள்ளத்திலிருந்து பிடுங்குங்கள், கம்பி தளர்ந்துவிடும். பிறகு கம்பியின் முனையைத் திருப்பிக் கொக்கியிலிருந்து விடுவிக்கலாம். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி வரும் மாடல்களில், கம்பியைக் கவ்வியிருக்கும் பிளாஸ்டிக் லாக்கைத் திருப்பிவிட்டுக் கம்பியை வெளியே எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு படம்.

பேடை உள்பக்கம் மேலே பார்க்கும்படி பழைய போர்வையின் மேல் வையுங்கள். கதவிலேயே மாட்டிக்கொண்ட கிளிப்புகளைப் பிளேயரால் பிடித்து நேராக இழுத்து எடுத்துப் பேடின் கூடுகளில் மறுபடி செருகிவிடுங்கள், உடைந்தவற்றை மாற்றிவிடுங்கள். இதை இப்போதே செய்துவிட்டால் மாட்டும் நேரத்தில் மறக்காது.

பிளாஸ்டிக் ஷீட்

பேடை எடுத்ததும் கதவு முழுவதையும் மூடியபடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் தெரியும், ஓரங்களில் கறுப்புப் பசையோடு. இது தூசிக்காகப் போட்டது என்று நினைத்து வீசிவிடுவதுதான் பெரிய தவறு.

மழையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழியும் தண்ணீர் முழுவதையும் வெளி பீடிங் தடுத்துவிடாது. ஒரு பகுதி கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், கதவை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் உள்தகட்டின் பெரிய ஓட்டைகள் வழியாகப் பேட் பக்கம் சிதறாமல் தடுப்பதுதான் இந்த ஷீட். ஷீட்டின் அடி ஓரத்தைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அது தகட்டின் மேல் சும்மா ஒட்டப்பட்டிருக்காது, தகட்டில் உள்ள ஒரு பிளவுக்குள் மடித்துச் செருகப்பட்டிருக்கும். ஷீட்டின் மேல் வழியும் நீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழ வேண்டும் என்பதற்காக. மாட்டும்போது இதை வெளியே விட்டுவிட்டால் போச்சு, தண்ணீர் நேராகக் கால் வைக்கும் இடத்துக்கு வரும், கார்பெட் அடியில் தேங்கி நாற்றமெடுக்கும், நாளடைவில் தரைத்தகடு துருப்பிடிக்கும்.

ஷீட்டை முழுவதும் உரிக்க வேண்டாம். மோட்டார் இருக்கும் பக்கம் மட்டும் உரித்து மடித்து டேப் போட்டு நிறுத்தினால் போதும். ஒரு மூலையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே, பசையைப் பிளேடால் தகட்டை ஒட்டிப் படுக்கையாக அறுத்துக்கொண்டு வாருங்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகி நூல் நூலாக இழுபடும், விரலில் பட்டால் கண்ணாடி, சீட், சட்டை என்று தொட்டதில் எல்லாம் ஒட்டும். அதனால்தான் இந்த வேலையைக் காலையில் சீக்கிரம், தகடு சூடேறுவதற்கு முன் வைத்துக்கொள்ளச் சொல்வேன். குளிர்ந்த பசை சுத்தமாக உரியும். தூசி படாமல் இருந்தால் அதே பசை மறுபடியும் ஒட்டும்.

மோட்டாரைச் சோதிப்பது

இப்போது மோட்டார் தெரிகிறது. கழற்ற அவசரப்பட வேண்டாம். பாட்டரி டெர்மினலை மாட்டி, ஸ்விட்சை அதன் கப்ளரில் மாட்டி, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். மேலே அழுத்தினால் 12 வோல்ட் அளவிலும், கீழே அழுத்தினால் அதே அளவு மைனஸிலும் காட்ட வேண்டும். இரண்டு வயர் மோட்டார் இப்படித்தான் திசை மாறுகிறது, பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறும். மின்சாரம் சரியாக வந்தும் மோட்டார் ஓடாவிட்டால் மோட்டார் போய்விட்டது. மின்சாரமே வரவில்லை என்றால் ஸ்விட்சையும் அந்த ரப்பர் குழாய்க்குள் இருக்கும் வயரையும் பாருங்கள்.

இரண்டு வயர் மோட்டாருக்கு நேரடியாக ஃபியூஸ் வைத்த வயரில் பாட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தும் பார்க்கலாம். ஐந்தாறு வயர்கள் போகும் மோட்டாரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒன்-டச் (ஒரு தடவை அழுத்தினாலே கண்ணாடி முழுக்க ஓடுவது), கை சிக்கினால் திரும்பி இறங்கும் வசதி உள்ளவற்றில் மோட்டாரோடு ஒரு எலெக்ட்ரானிக் போர்டும் சேர்ந்திருக்கும், அது எரிந்துபோகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கதவுக்குள் கை இருக்கும்போது சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். யாராவது ‘வேலை செய்கிறதா பார்க்கலாம்’ என்று ஸ்விட்சை அழுத்தினால் ரெகுலேட்டர் விரலை நசுக்கிவிடும்.

மோட்டாரை எடுப்பது

கழற்றுவதற்கு முன் கண்ணாடியைக் கட்டிப் போட வேண்டும். மோட்டாரின் பல்தான் கண்ணாடியைப் பிடித்து வைத்திருக்கிறது; அது விலகியதும் கண்ணாடி கதவுக்குள் ‘தடால்’ என்று விழும். அகலமான டேப்பைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி, கதவுச் சட்டத்தின் மேல் வழியாக வெளிப்பக்கம் கொண்டுபோய் ஒட்டுங்கள். ஒன்று போதாது, மூன்று பட்டையாவது வேண்டும். கண்ணாடியில் தூசி இருந்தால் டேப் வழுக்கிவிடும், துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்து ரெகுலேட்டர் எந்த வகை என்று பாருங்கள். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள் குறுக்காக ஓடினால் ஒரு வகை. மெல்லிய இரும்புக் கேபிள் புல்லிகளின் மேல் ஓடினால் இன்னொரு வகை.

கத்தரி வகையில் சுருட்டிய தகடு மாதிரி ஒரு கனமான ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியின் எடையைத் தாங்க வைத்திருக்கும் அந்த ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில் இருக்கும். மோட்டாரை எடுத்ததும் பல்சக்கரக் கை படீரென்று சுழன்று கையை உடைத்துவிடும். ரெகுலேட்டரின் கையையும் அதன் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு கிளாம்ப்பால் இறுக்கிப் பிடித்த பிறகுதான் மோட்டாரைத் தொட வேண்டும். அதில் உங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேபிள் வகையில் அந்தப் பயம் குறைவு, ஆனால் கேபிள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் டிரம் மோட்டாரின் முன்னால் உட்கார்ந்திருக்கும். மோட்டாரை இழுக்கும்போது டிரம்மை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அது வெளியே குதித்தால் கேபிள் அவிழ்ந்து சிக்கலாகும், மறுபடி சுற்றுவது புதியவருக்குப் பெரும் போராட்டம்.

பெரும்பாலும் மூன்று ஸ்குரூக்கள்தான் மோட்டாரைப் பிடித்திருக்கும். சில வண்டிகளில் ரெகுலேட்டரை முழுவதாக வெளியே எடுத்தால்தான் மோட்டார் கழலும். அப்போது கண்ணாடியைப் பிடித்திருக்கும் 10 மி.மீ. போல்ட்டுகள் தகட்டின் ஓட்டைகளுக்கு நேராக வரும்வரை கண்ணாடியை இறக்கி, போல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை மேலே தள்ளி டேப் போட வேண்டும். இறந்த மோட்டாரில் கண்ணாடி இறங்காது. அந்த நேரத்தில், இரண்டு வயர் மோட்டாராக இருந்தால் பாட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தோ, பிரஷ் தேய்ந்த மோட்டாராக இருந்தால் தட்டிக்கொண்டே ஸ்விட்சை அழுத்தியோ நகர்த்தலாம்.

கடைக்குப் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். இடது, வலது மோட்டார்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக இருக்கும், கப்ளரின் பின் எண்ணிக்கையும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். சென்னையில் பழைய பாகம் போதும் என்பவர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். அங்கே வாங்கினால் பாட்டரியில் தொட்டு இரண்டு திசையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ரெகுலேட்டரில் கேபிள் நூல் பிரிந்திருந்தால் மோட்டாரை மட்டும் மாற்றுவது வீண், செட்டாக மாற்றுங்கள்.

மாட்டுவது

புது மோட்டாரை மாட்டி, ஷீட்டை ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். கோணலாக ஏறினால் கண்ணாடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணாடியை மேல் பள்ளத்தில் நேராக உட்கார வைத்து, பிறகு இறுக்குங்கள்.

ஷீட்டின் அடி ஓரத்தைப் பிளவுக்குள் செருகி, மேல் நோக்கி விரலால் அழுத்திக்கொண்டே ஒட்டுங்கள். பசை பிடிக்காவிட்டால் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீன் ஷீட்டைப் பழையதன் மேல் வைத்து வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பசை மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டலாம். செய்தித்தாளும் செல்லோடேப்பும் ஒரு மழைக்குத் தாங்காது.

பேடைக் கதவுக்கு அருகில் பிடித்துக் கைப்பிடிக் கேபிளையும் கப்ளர்களையும் முதலில் மாட்டுங்கள். அடுத்து மேல் உதட்டைத் தகட்டின் மேல் கவிழ்த்துக் கீழே அழுத்துங்கள். ஒவ்வொரு கிளிப்பும் அதனதன் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்த பிறகுதான் உள்ளங்கையால் தட்ட வேண்டும். நேராக இல்லாத கிளிப் மடங்கிவிடும், பிறகு ஓட்டும்போது கதவில் கடகடவென்று சத்தம் வரும்.

கதவை மூடுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். கதவு திறந்திருக்கும்போதே, பூட்டின் வாயில் ஸ்குரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளிப் பூட்டிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது உள் கைப்பிடியை இழுத்தால் கொக்கி விட வேண்டும். விடாவிட்டால் கேபிள் சரியாக மாட்டவில்லை, வெளிக் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுச் சரிசெய்யுங்கள். இதைப் பார்க்காமல் கதவை மூடிவிட்டு உள்ளேயிருந்து திறக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. லாக், மிரர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஸ்குரூக்களைப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூ நின்றதும் நிறுத்துங்கள், இன்னும் ஒரு முறுக்கு கொடுத்தால் மரை போய்விடும்.

பாட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஒன்-டச் வசதி மறந்துபோயிருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் ஸ்விட்சைச் சில நொடிகள் இழுத்துப் பிடித்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். சரியான முறை உங்கள் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.

கடைசியாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவை மூடி, வெளிப்பக்கம் கண்ணாடியும் பீடிங்கும் சேரும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கதவின் அடி ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அந்த ஓட்டைகளில் மண் அடைத்திருக்கிறது, ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து பேடின் அடி ஓரத்தையும் கீழே கார்பெட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பேடை மறுபடி எடுத்து, ஷீட்டின் அடி ஓரம் பிளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.